பிள்ளைகள் எத்தனை?

பங்குத் தந்தைக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்று சனிக்கிழமை காலையில் மதலேனா அக்கா தொலைபேசியில் கத்தியபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“ஜோ தம்பி, என்ன லா பண்ணி வச்சிருக்க? ஃபாதர் பேருக்கு நேரா பெரியவர் ஒன்னு, பிள்ளை ஒன்னுன்னு நிக்குது! கான்வென்ட் சிஸ்டர்ஸ் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்னு! இந்த லிஸ்ட்ட நான் பிரிண்ட் எடுத்து மீட்டிங்ல குடுத்திருந்தா என் கதி என்ன?”

ஜோ என்பது ஜோனத்தன், என் கணவன். கப்பல் சரக்குக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவன். மதலேனா அக்கா சிங்கப்பூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் தமிழ்ச் சமூகத்துக்குத் தலைவி. அடுத்த ஞாயிறு குடும்ப விழா. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபம் எடுத்திருக்கிறார்கள். யார் யார் வருகிறார்கள் என்று பதிந்துகொள்ள இணையத்தில் ஒரு பக்கம் செய்து தரச் சொல்லி அக்கா கேட்டார், இவன் செய்து கொடுத்தான். பேர், பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, அவ்வளவுதான். பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி அன்பளிப்புப் பைகள் கட்டவேண்டும் என்பதால் அந்தக் கட்டம்தான் அக்காவுக்கு முக்கியம்.

ஜோனத்தன் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. “அக்கா, பக் அக்கா, பக். புரோகிராம்ல பிழை. இன்னைக்கே சரி பண்ணிடறேன். ஃபாதர் கிட்ட சொல்லாதீங்க.”

“அவர்தாம்பா முதல்ல பாத்தாரு! ஊர் வாயை மூட உலைமூடி உண்டான்னு அவரே கேக்கறாரு!”

நானும் சிரித்தேன். பங்குத் தந்தை தன் பேருக்கு நேராக ஒரு பிள்ளையைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார் என்று நினைத்தாலே சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வியாழக்கிழமையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது.

வியாழக்கிழமை வேலைக்குப் போகிற ரயிலில் நின்றபடி ‘ஜோனத்தன் செலஸ்டின்’ என்று எங்கள் இருவர் பேரையும் நான்தான் பதிந்தேன். பெரியவர்கள் 2. பிள்ளைகள் என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வி எந்தத் தாளில் வந்தாலும் நான் காலியாகவே விட்டுவிடுவேன். அன்றைக்கு நன்றாக யோசித்து 0 என்று தட்டினேன். சும்மா தட்டவில்லை. போன வருடத்தோடு ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை எல்லாம் போதும் என்று நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். நான்தான் முதலில் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு “சரி, போதும்” என்றான். அதற்குப் பிறகு எனக்கு உடம்பு லேசாக இருந்தது. அழுதேன், ஆனால் லேசாக இருந்தது. அந்த லேசோடுதான் பூஜ்யத்தைத் தட்டினேன்.

உடனே பதில் வந்தது. ‘ஜோனத்தன் செலஸ்டின் குடும்பத்தாரே, நல்வரவு! பெரியவர்கள் 2, பிள்ளைகள் 1.’

செங்காங்கிலிருந்து ஃபேரர் பார்க் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைச் செய்தவன் என் கணவன். எங்கள் பேர் வந்தால் ஒன்று என்று காட்டும்படி அவன்தான் ஏதோ எழுதிவைத்திருக்கிறான் என்று நினைத்தேன். வாய்தான் போதும் என்றது, மனசு இன்னும் வாசலில் நிற்கிறது என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் வாய் சும்மா இருக்காது என்று ஊருக்கே தெரியும், ஆனால் இதை மட்டும் கேட்கப் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. அவனுடைய அம்மா அமலோற்பவம், என் அத்தை, குவீன்ஸ்டவுனில் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் எங்களைப் பார்த்ததும் கேட்பார். “என்னப்பா, விசேஷம் ஏதும் உண்டா?” இவன் சொல்வான், “இன்னும் இல்லம்மா.” நாங்கள் நிறுத்திய பிறகும் அதையேதான் சொல்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்த ‘இன்னும்’ இருக்கிறதே, அதுதான் என்னைக் கொல்கிறது. இவன் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காரைப் பார்க்கப் போய்விடுவான். அதற்கப்புறம் பிள்ளை வரம் வேண்டி நவநாள் செபத்துக்குப் போகும் அத்தை எனக்கு ஆசீர்வதித்த எண்ணெய் கொண்டுவருவார். சாப்பாட்டு மேசையில் என் தட்டிலிருந்த பப்பாளித் துண்டை ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொள்வார். என் வயிற்றை அவர் பார்ப்பதில்லை, பார்க்காமலிருக்கப் பாடுபடுவார். அது இன்னும் மோசம்.

உண்மையைச் சொல்லவேண்டியது அவன். பெற்ற தாய் அவனுக்குத்தான். நான் சொன்னால் மருமகள் கதவைச் சாத்திவிட்டாள் என்றாகும். அவன் ஒருநாள் சொல்வான் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றைத் திரையில் பார்த்ததும், இவன் சொல்லவே போவதில்லை என்று தோன்றிவிட்டது.

இப்போது பார்த்தால் ஃபாதருக்கும் ஒன்று, சிஸ்டர்களுக்கும் ஒன்று. அப்படியானால் வெறும் கோளாறு. கீரையை அப்படியே விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நமக்கும் ஒன்னு காட்டுச்சு. வியாழக்கிழமையே பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நீ போட்டதுன்னு நினைச்சேன்.”

அவன் என்னைப் பார்த்தான். கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வரியைத் தேடிக் காட்டினான். ஒரு வரிதான். நடுவில் இரண்டு நிமிர்ந்த கோடுகள், அதன் பின்னால் ஒரு 1.

“இந்த ரெண்டு கோட்டுக்கு ‘அல்லது’ன்னு அர்த்தம். போன வருஷம் பாதிப் பேரு பிள்ளைங்க கட்டத்தைக் காலியா விட்டுட்டு அன்னைக்குப் புள்ளைகளோட வந்துட்டாங்களாம். பை பத்தல, ஒரே அழுகையாம். அதனால காலியா இருந்தா ஒன்னுன்னு வச்சுக்கோ தம்பின்னு மதலேனா அக்கா சொன்னாங்க. குடும்ப விழாவுக்கு வர்றவங்களுக்கு ஒன்னாவது இருக்காதான்னாங்க. அதான், அவங்க போட்ட நம்பர், அல்லது ஒன்னுன்னு எழுதினேன்.”

“நான் காலியா விடலையே. ஸீரோ போட்டேன்.”

“அங்கதான் சறுக்கிட்டேன். ஜாவாஸ்கிரிப்ட்ல காலிக் கட்டத்த நம்பரா மாத்தச் சொன்னா அது ஸீரோன்னு மாத்திக்கும். அப்புறம், ‘அல்லது’ன்னு கேட்டா ஸீரோவ இல்லாத மாதிரி எடுத்துக்கும். ஃபால்ஸின்னு சொல்வோம்.”

“அப்படின்னா?”

“பொய் மாதிரி.”

“நம்ம ஸீரோ பொய்யா?”

நான் செராங்கூன் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு கண்ணுக்குப் பவர் இல்லையென்றால் நாங்கள் அதைச் சும்மா விடமாட்டோம், 0.00 என்று எழுதுவோம். எழுதினால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். காலியாக விட்டால் அந்தக் கண்ணை யாரும் பார்க்கவேயில்லை என்று அர்த்தம். இதை அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். சரியான தலையாட்டல்தான், ஆனால் எனக்குள் வேறொன்று எழும்பிவிட்டது, அதை அடக்க முடியவில்லை.

“அனுப்பறதுக்கு முன்னாடி நீ டெஸ்ட் பண்ணல?”

“பண்ணேனே. ரெண்டு, மூணு, அஞ்சு போட்டுப் பாத்தேன். தொண்ணூத்தொம்பது போட்டேன். மைனஸ் ஒன்னு போட்டேன், தப்புன்னு சொல்லுச்சு. ரெண்டரை கூடப் போட்டேன். ‘முழு எண்ணாக எழுதவும்’னு வர வச்சிருக்கேன்.”

“ரெண்டரைப் பிள்ளை போட்டுப் பாத்தியா?”

“ஆமா.”

“ரெண்டரைப் பிள்ளைய யோசிச்சவனுக்கு ஸீரோ தோணலையா ஜோ? நம்ம வீட்டு நம்பர் தோணலையா?”

கேட்டபிறகுதான் எவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. ஜோனத்தன் எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் அனுப்பமாட்டான். கப்பலில் ஒரு பெட்டிகூட ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கப் பூஜ்யத்தைத்தான் முதலில் போடுவேன் என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். எந்தப் புது வேலைக்கும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவான்.

அவன் விரல்கள் விசைப்பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தன. “தோணுச்சு,” என்றான். “கை அந்த ஸீரோ வரைக்கும் போச்சு. போட மனசு வரல, செலஸ்டின்.”

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இத்தனை மாதமாக அவன் தெளிந்துவிட்டான், அம்மாவிடம் சொல்லத்தான் தைரியமில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவனால் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது. அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கையெல்லாம் கீரை மண். அவன் அழுதான். நான் அவன் அழுது முடிக்கட்டும் என்று விட்டேன்.

“அம்மா கேக்கறப்பல்லாம் ‘இன்னும்’னு வருது,” என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நான் யோசிச்சுச் சொல்றது இல்ல. தானா வருது.”

“உன் கோடு மாதிரி.”

“என் கோடு மாதிரி.” அழுகைக்கு நடுவே சிரித்தான்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அந்த வரியை அழித்தான். புதிதாக எழுதியதை எனக்கும் புரியும்படி சொல்லிக்கொண்டே எழுதினான். முதலில் கட்டம் காலியா என்று பார்க்க வேண்டும். காலியென்றால் எண்ணை நாமே ஊகிக்கக்கூடாது, ஆளைக் கேட்க வேண்டும். எழுதியிருந்தால், என்ன எழுதியிருக்கிறார்களோ அதுதான் எண். பூஜ்யம் எழுதியிருந்தால் பூஜ்யம்தான். நல்ல வேளை, மக்கள் தட்டியது தட்டியபடி பத்திரமாக இருந்தது, எண்ணிக் காட்டுகிற இடத்தில்தான் பிழை.

“இப்ப டெஸ்ட் பண்ணு,” என்றேன்.

எங்கள் பேரையே போட்டான். பெரியவர்கள் 2. பிள்ளைகள் கட்டத்தில் கொஞ்ச நேரம் எழுதுமிடத்தைக் காட்டும் கோடு மின்னி மின்னி நின்றது. நான் விசையை அழுத்தவில்லை, அது அவன் அழுத்தவேண்டியது. 0 என்று தட்டினான். ‘ஜோனத்தன் செலஸ்டின் குடும்பத்தாரே, நல்வரவு! பெரியவர்கள் 2, பிள்ளைகள் 0.’

அவன் அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தான். “குடும்பத்தாரேன்னுதான் போட்டிருக்கு,” என்றான்.

“நீ எழுதினதுதானே.”

“ஆமா. ஆனாலும்.”

மதிய சாப்பாட்டுக்கு மேல் அவனாகவே சொன்னான், “அம்மாவப் பாத்துட்டு வரலாம், வா. ஃபோன்ல சொல்றது சரியில்ல.” நான் சேலை மாற்றவில்லை, போட்டிருந்த உடுப்போடு கிளம்பினேன். கொஞ்சம் தாமதித்தால் மனம் மாறிவிடுவானோ என்ற பயம்தான்.

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறினோம். மாறி ஏறியதும், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், சரிசெய்த பட்டியலைத் தொலைபேசியில் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். ஃபாதர் தனியாள் ஆகிவிட்டார். சிஸ்டர்களும் அப்படியே. புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு அவசரப்பட்டுப் பிறந்த பிள்ளையும் போய்விட்டது. திடீரென்று நிறுத்தினான்.

“இது என்ன?”

‘அமலோற்பவம், குவீன்ஸ்டவுன். பெரியவர்கள் 1, பிள்ளைகள் 2.’

“கோளாறு இன்னும் இருக்கா?” என்றேன்.

“இல்ல. கோளாறுல ஒன்னுதான் வரும், ரெண்டு வராது.” தட்டியதைத் தட்டியபடி வைத்திருக்கும் இடத்தில் போய்ப் பார்த்தான். அங்கேயும் 2. “அம்மாவே போட்டிருக்காங்க. விரல் தவறிப் பட்டிருக்குமோ?”

எனக்கு விரல் தவறியதாகத் தோன்றவில்லை. தனியாக வருகிறவர் எந்தப் பிள்ளைகளுக்குப் பை கேட்கிறார்? இவன் ஒரே மகன். இரண்டு பேரப்பிள்ளைகளை வேண்டிக்கொண்டு, விசுவாசமாகக் கேட்டால் கிடைக்கும் என்று கட்டத்தில் எழுதியே வைத்துவிட்டாரா? அவர் செய்யக்கூடியவர். அப்படி நம்பி எழுதியவரிடம் போய் இன்றைக்கா சொல்வது? திரும்பிப் போய்விடலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் குவீன்ஸ்டவுன் வந்துவிட்டது.

அத்தை மூங்கில் கழியிலிருந்து காய்ந்த துணியை உருவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமையில் எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த விதத்திலேயே தெரிந்தது, என்ன செய்தி என்று எதிர்பார்க்கிறார் என்று. என்னை அவசரமாகக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். காற்றாடியை என் பக்கம் திருப்பினார்.

“என்னப்பா,” என்று தொடங்கினார், “விசேஷம்...”

“இல்லம்மா,” என்றான் ஜோனத்தன். நின்றபடியேதான் சொன்னான். “எங்களுக்குப் பிள்ளை இல்லம்மா. இனிமேலும் வராது. போன வருஷமே ட்ரீட்மெண்ட நிறுத்திட்டோம். செலஸ்டின் உடம்பு தாங்கல, எனக்கும் தாங்கல. ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணோம். உங்ககிட்ட சொல்லாம இருந்தது நான்தான். அவ இல்ல.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். அவன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை எப்போது வந்தது என்று கேட்டால், அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன்.

அத்தை கையிலிருந்த துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். கண் நிறைந்துவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது, நெடுநேரம் ஓடியது. நானும் ஜோனத்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இனி இந்த வீட்டில் நான் யார் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஏதாவது வேலை கிடைத்தால் போதும் என்று ஜோனத்தன் தொலைபேசியை எடுத்தான். இக்கட்டில் இவன் எப்போதும் இப்படித்தான்.

“அம்மா, குடும்ப விழா ஃபார்ம்ல... நீங்க பிள்ளைங்க ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. தப்பா பட்டிருக்கும். மாத்திடறேன். ஒன்னுன்னு போட்டுடவா?”

“எதுக்கு மாத்தற?”

“நான் ஒருத்தன்தானேம்மா.”

அத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

“அப்ப இவ யாரு?” என்று என்னைக் காட்டினார். “என் பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டுச்சு. நீ ஒன்னு, இவ ஒன்னு. யோசிச்சுத்தான் போட்டேன். தொடாத.”

எனக்கு உடைந்துவிட்டது. அழுதேன், ரயிலில் அவரைப் பற்றி நினைத்ததற்கும் சேர்த்து அழுதேன். அத்தை நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, மடித்த துண்டாலேயே என் முகத்தைத் துடைத்தார், பிறகு தன் முகத்தையும் அதே துண்டால் துடைத்துக்கொண்டார். “ஒரு வருஷம் உன்ன எவ்வளவு படுத்திட்டேன்,” என்றார். “வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

ஜோனத்தன் பட்டியலை மூடிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்த எண்ணை அவன் தொடவில்லை.